பெரிய வண்டி கிளம்பாத புதன்கிழமை

திருப்பூருக்கு நான் போனது அறுநூறு மஞ்சள் சட்டைகளுக்காக. மலேசியாவில், கிள்ளானில் பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டைகள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். நான் கேட்ட மஞ்சள் ஒன்று, மாதிரிக்கு வந்த மஞ்சள் வேறொன்று. தொலைபேசியில் ஒரு நிறத்தை எப்படி விளக்குவது? "மாம்பழ மஞ்சளுங்களா, மஞ்சத்தூள் மஞ்சளுங்களா?" என்று கேட்டார் பனியன் கம்பெனி பழனிசாமி. எனக்கே குழம்பிவிட்டது. நேரில் போய்க் காட்டிவிட்டு வந்தால்தான் நிம்மதி என்று புறப்பட்டேன்.

என் பெட்டியைப் பார்த்து வீட்டுக்காரர் கேலி செய்தார். "சட்டை வாங்கப் போறியா, சம்பந்தம் பேசப் போறியா?" அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

பழனிசாமிக்கு மங்கலம் ரோட்டில் கம்பெனி. முன்னால் மெஷின்கள், பின்னால் வீடு. லாட்ஜில் தங்குகிறேன் என்றதும் அவர் மனைவி சரஸ்வதிக்கு முகம் வாடிவிட்டது. "ஒறம்பரைய லாட்ஜுல தங்க வெச்சா ஊரு சிரிக்குமுங்க அக்கா" என்று என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒறம்பரை என்றால் விருந்தாளி. விருந்தாளிக்கு அங்கே வாய் திறந்து மறுக்கும் உரிமை கிடையாது என்பதை அன்றே தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் முழுக்கச் சாப்பிட்டதுதான் வேலை. காலையில் சந்தகை. நம் இடியாப்பத்தின் அக்காள் என்று சொல்லலாம். மாவை முதலில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார்கள். மதியம் அரிசிம்பருப்புச் சோறு, அதன் தலையில் குழி பறித்து நெய். எங்கள் ஊரில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். சரஸ்வதியிடம் "போதும்" என்றால், "இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வைத்துவிடுகிறார். பொழுது சாயும் நேரத்தில் ரோட்டுக் கடையில் காளான் வாங்கித் தந்தார்கள். பெயர்தான் காளான், கிளறிப் பார்த்தால் முட்டைக்கோஸ். இருந்தாலும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மரியாதைக்குப் பேர் போன ஊர். வாசலில் குறுக்கே படுத்திருந்த நாயைப் பழனிசாமி விரட்டியதைக் கேட்டேன். "அக்கட்ட போங்க!" நாயும் அவசரப்படாமல், மரியாதை கெடாமல் எழுந்து போனது.

இரண்டாம் நாள் கம்பெனியைச் சுற்றிப் பார்த்தேன். காற்றெல்லாம் மெல்லிய பஞ்சு. பேசினால் வாயில், பேசாவிட்டால் கண்ணிமையில். அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவள் ஜெபசெல்வி, திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். நான் போன நேரம் ஒரு தையல்காரருக்கு ஊசி உடைந்திருந்தது. மனிதர் மெஷினுக்கு அடியில் மண்டியிட்டுக் காந்தத்தை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த வரிசையே வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்து, அவற்றை ஜெபசெல்வி தன் நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி சேர்ந்தது என்று பார்த்த பிறகுதான் புது ஊசி தருவாளாம்.

"ஒரு ஊசிக்கு இத்தனை பாடா?" என்றேன்.

"முனை மட்டும் சட்டைக்குள்ள போச்சின்னா என்னாவும் அக்கா? உங்க ஊருப் பிள்ளையளுக்குத்தான தைக்கோம்" என்றாள்.

பதினெட்டு வருஷமாகச் சட்டை விற்கிறேன். இப்படி ஒருத்தி எங்கள் பிள்ளைகளுக்காக நோட்டில் ஊசி ஒட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தும் பார்த்ததில்லை.

ஊசி மட்டுமல்ல. மெஷின் துடைக்கிற கழிவுத் துணியையும் அவள் எண்ணித்தான் கொடுப்பாள், எண்ணித்தான் திரும்ப வாங்குவாள். எப்போதோ ஒரு எண்ணெய்த் துணி நல்ல சட்டைகளோடு பெட்டிக்குள் போய்க் கப்பலேறிவிட்டதாம். அன்று வந்த பழக்கம்.

மாலையில் பனியன் சந்தையான காதர்பேட்டை. ஒரு மொபெட்டில் ஆள் தெரியாத அளவுக்குப் பனியன் மூட்டை வருகிறது, ஓட்டுகிறவரின் கால்கள் மட்டும் தெரிகின்றன. அதில் ஒன்று என் தோளை இடித்துவிட்டு, மூட்டைக்குள்ளிருந்து "மன்னிச்சுக்குங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனது. கடை வாசலில் வடக்கத்தி வியாபாரிகள் இருவர் இந்தியில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். படம் பார்த்துக் கற்ற என் இந்திக்கு எட்டியது இதுதான்: "இந்த ஊர்க்காரர்கள் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்."

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. நான் காட்டிய மஞ்சளில் சாயம் போட்ட துணி வந்து சேரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, சரஸ்வதியின் தம்பி மயில்சாமியோடு மங்கலத்துக்குத் தறி பார்க்கப் போனேன். மயில்சாமி அந்தக் கம்பெனியின் ஃபிட்டர். முப்பத்தாறு வயது. எந்த மெஷினையும் சத்தத்தை வைத்தே நோய் கண்டுபிடித்துவிடுவார். மனிதர்களிடம்தான் பேச்சு வராது. போன வண்டி அந்த வீட்டின் பழைய பெட்ரோல் கார். வீட்டில் இன்னொரு புதுக் கார் இருப்பதால், மூத்தது என்று இதற்குப் 'பெரிய வண்டி' என்று பெயர். எங்கள் ஊரில் நாங்கள் காரைக் காடி என்போம். பத்தொன்பது வயதிலிருந்து காடி ஓட்டுகிறவள் நான் என்றதும் மயில்சாமிக்குக் கொஞ்சம் வாய் திறந்தது.

தறிச் சத்தத்தில் மங்கலத்தில் யாரோடும் பேச முடியவில்லை. கையைக் காட்டிக் காட்டி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். வழியில் அவராகவே வண்டியை ஓரங்கட்டி, டூல்ஸ் பெட்டியைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே ஒரு பெண்ணின் படம்.

"நாளைக்கு இந்தப் புள்ளயப் பாக்கப் போறமுங்க அக்கா. பேரு சாந்தாமணி. அவிநாசிபாளையம் தாண்டித் தோட்டமுங்க."

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் ஸ்டுடியோவில் பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் நின்று எடுப்பார்கள். இந்தப் பெண் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கில் ஒரு கை, வெயிலுக்குச் சுருங்கிய கண்.

"டிராக்டர் ஓட்டுமாமுங்க" என்றார் மயில்சாமி. காது மடல் சிவந்திருந்தது. ஆள் விழுந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

வீட்டில் சரஸ்வதி மீதியைச் சொன்னார். இது ஐந்தாவது பெண். முந்தைய நான்கும் கைகூடவில்லை. எதைக் கேட்டாலும் "ஃபிட்டருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பாராம் மயில்சாமி. பெண் வீட்டார் "கலந்து சொல்றமுங்க" என்பார்களாம். அதற்கு அந்தப் பக்கத்தில் 'வேண்டாம்' என்று பொருள்.

"எங்க கம்பெனி நொடிச்சு நின்னப்ப அவன்தானுங்க ராவும் பகலும் நின்னு தூக்கிவிட்டான். அதுலயே அவன் வயசு போயிருச்சு. அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்று கண்ணைத் துடைத்தார் சரஸ்வதி. இந்தப் பெண்ணைப் பார்க்க வெள்ளிக்கிழமை காங்கயத்திலிருந்து வேறொரு மாப்பிள்ளை வருகிறாராம். நாளை விட்டால் போயிற்று.

அதற்குப் பிறகுதான் என் விஷயத்துக்கு வந்தார். பழனிசாமி, சரஸ்வதி, மயில்சாமி. மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. "நீங்க ஒரு எட்டு வந்தா நாலு பேராயிடுமுங்க அக்கா." சட்டைக்கு வந்தவள் நான். பட்டுப்புடவை கொண்டுவந்திருக்கிறேனா என்பதுதான் எனக்கு வந்த ஒரே சந்தேகம்.

நான்காம் நாள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று காலையிலேயே எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்கிறது. அதற்குள் பெண் வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும். முக்கால் மணி நேரப் பயணம்தான். புதுக் கார் ஒரு வெள்ளைக்காரரை ஏற்றிவரக் கோவைக்குப் போயிருந்தது. வாடகைக் கார் என்ற பேச்சைச் சரஸ்வதி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முந்தைய நான்கு தடவையும் வாடகைக் காரில்தான் போனார்களாம். இந்த முறை சொந்த வண்டிதான்.

ஒன்பதே முக்காலுக்குப் பெரிய வண்டியின் முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தட்டில் பூவும் பழமுமாக ஏறி உட்கார்ந்தோம். வண்டி பளபளவென்றிருந்தது. முந்தின நாள் மங்கலத்திலிருந்து வந்ததும் மயில்சாமி தன் கையாலேயே பம்பு வைத்துக் கழுவித் துடைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. சாவியைத் திருப்பினார்.

கிர்ர், கிர்ர், கிர்ர். ஒரு தடவை "புர்" என்றது. உடனே செத்துவிட்டது.

மறுபடி திருப்பினார். கிர்ர், கிர்ர். புர். அவ்வளவுதான்.

"பேட்டரி" என்று நான் பின்சீட்டிலிருந்து தீர்ப்புச் சொன்னேன்.

"பேட்டரி போயிருந்தா செல்ஃபே சுத்தாதுங்க அக்கா. இது நல்லாச் சுத்துது. புடிக்கத்தான் மாட்டேங்குது" என்றார் மயில்சாமி. இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வாயை மூடச் சொன்னதில்லை.

"பெட்ரோல் இருக்குதா மாப்ள?" என்றார் பழனிசாமி.

"நேத்துத்தானுங்க மச்சான் நெறைய ஊத்துனேன்." இருந்தாலும் இறங்கி பானெட்டைத் திறந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தார். பெட்ரோல் வந்தது. வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் முதல் கறுப்புப் பொட்டும் விழுந்தது. சரஸ்வதி ஒரு துண்டை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார், சலூனில் போல.

திருப்பூரில் ஒரு வண்டி நின்றால் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. எதிர்க் கடை டீ மாஸ்டர் வந்தார், ஆட்டோக்காரர் வந்தார், நைட் ஷிப்ட் முடித்த ஒடிசாக்காரர்கள் இருவர் வந்தார்கள். டீ மாஸ்டர் சோக்கை இழுக்கச் சொன்னார். ஆட்டோக்காரர் சோக்கைத் தள்ளச் சொன்னார். ஒடிசாக்காரர்களில் ஒருவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவாக இந்தியில் சொன்னது என் காதில் விழுந்தது: "யாரோ மூக்கையும் வாயையும் பொத்தின மாதிரி இருக்கு." அதை நான் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது கரண்ட். மயில்சாமி ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி இஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க சாவியத் திருப்புங்க" என்றார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திருப்பினேன். நீலமாகப் பொறி வந்தது. கூட்டம் "ஆங்" என்றது.

"கரண்ட் இருக்குது, பெட்ரோல் இருக்குது, செல்ஃப் சுத்துது. பின்ன என்னதானுங்க கேடு?" என்றார் பழனிசாமி.

பிளக்கை மயில்சாமி மூக்கருகே கொண்டுபோனார். பெட்ரோலில் நனைந்து சொட்டியது. நான்கையும் கழற்றி, டீ மாஸ்டர் அடுப்பில் காட்டிச் சூடேற்றி, மறுபடி மாட்டினார்கள். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் சீனருக்கு ஒரு போன் போட்டுவிட்டு நான் ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். இங்கே நின்றது என் காரே என்பது போல எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

புர் என்றது. நின்றது.

ஏர் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே ஒரு தலையணை ஓரத்துக்கு ஆகும் அளவுக்குப் பஞ்சு. எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. திருப்பூரில் வண்டிக்கும் மூச்சுத் திணறத்தானே செய்யும்! ஊதித் தட்டி, சுத்தமாக்கிப் போட்டார். கிர்ர், கிர்ர், புர். மலர்ந்த முகங்கள் கூம்பின.

மணி பத்து ஐம்பது. மயில்சாமி, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். சரஸ்வதி காருக்குள் தட்டை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "நாலு தடவ போயி வேண்டாம்னாங்க. இந்தத் தடவ போகவே விட மாட்டேங்குதுங்க. சாமியே சகுனம் காட்டுதாட்ட இருக்குது" என்றார் மெல்ல.

"சாமிக்கு வேற வேலை இல்லையா?" என்று எனக்குக் கோபம் வந்தது.

அப்போதுதான் கம்பெனி வாசலிலிருந்து ஜெபசெல்வி வந்தாள். கையில் நோட்டு. எங்கள் துக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மயில்சாமியிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நேத்து வண்டி கழுவ ஆறு துணி எடுத்திய. வாளியில அஞ்சுதான் கெடக்கு. ஒண்ணு குறையுது."

"ஏனம்மிணி, இப்பத்தான் துணிக்கணக்குக் கேப்பியா?" என்று பழனிசாமி எரிந்து விழுந்தார்.

"நேத்தைக்குப் பக்கத்த முடிக்காம இன்னைக்குப் பக்கம் எழுத முடியாதுல்லா முதலாளி. நீங்க போட்ட சட்டந்தான" என்றாள் அவள். இம்மியும் அசையவில்லை.

மயில்சாமி நிமிர்ந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. கண்ணாடிக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, கதவுகளுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என்று எண்ணினார். ஆறாவதில் நின்றுவிட்டார். கையிலிருந்த மூடியை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியின் பின்பக்கம் ஓடினார். வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்தார்.

"குறடு! குறடு குடுங்க!"

சைலன்சர் குழாய்க்குள்ளிருந்து முழ நீளத்துக்குப் பனியன் துணி வந்தது, மந்திரவாதி வாயிலிருந்து ரிப்பன் வருவது போல. பம்புத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று முந்தின நாள் தன் கையாலேயே அடைத்தது. குச்சியால் குத்தி இறுக்கியிருக்கிறார், நனைந்து உப்பி இன்னும் இறுகிவிட்டது. நாளைய பெண்ணை நினைத்துக்கொண்டு கழுவியவருக்கு எடுக்க மறந்துபோயிற்று. புகை வெளியே போக வழியில்லாமல் இஞ்சின் எப்படி மூச்சு விடும்?

வேறெந்த ஊரிலாவது ஒரு கார்க் குழாயை நல்ல பருத்தித் துணியால் இவ்வளவு அக்கறையாக அடைப்பார்களா என்று தெரியவில்லை. திருப்பூர்க்காரர் கைக்கு எட்டிய தூரத்தில் எப்போதும் ஒரு பனியன் துண்டு இருக்கிறது.

ஜெபசெல்வி கரியான துணியை இரண்டு விரலால் வாங்கி, "ஆறு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. டீ மாஸ்டர் கைதட்டினார். மணி பதினொன்று பத்து.

மயில்சாமி சட்டையை மாற்றிக்கொண்டு வந்ததும் பறந்தோம். தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று வழியெல்லாம் பேச்சு. வண்டி மக்கர் பண்ணியதைச் சொன்னால் பெண் வீட்டார் சகுனத்தடை என்பார்கள். "ரயில்வே கேட்டுன்னு சொல்லிக்கலாமுங்க" என்றார் பழனிசாமி. எங்கள் எல்லோருக்கும் நல்ல காரணமாகத்தான் பட்டது. மயில்சாமி ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தார்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது தோட்டத்து வாசலை மிதித்தோம். தென்னை மரங்களுக்கு நடுவில் ஓட்டு வீடு, பக்கத்தில் அந்த டிராக்டர். ஒப்புட்டு என்கிற போளியும் காரமும் காப்பியும் வந்தன. சாந்தாமணி வந்து வணங்கிவிட்டு அம்மாவின் பக்கத்தில் நின்றாள். படத்தில் இருந்ததைவிட நல்ல நிறம், கண் மட்டும் அதே சுருக்கம்.

"பதினொண்ணுக்கெல்லாம் வருவீங்கன்னு பாத்தமுங்க" என்றார் அவள் அப்பா.

"ரயில்வே கேட்டு போட்டுட்டானுங்க" என்றார் பழனிசாமி.

"தாராபுரம் ரோட்டுல ஏதுங்க ரயில்வே கேட்டு?"

நான் ஒப்புட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழனிசாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி கெளம்பலீங்க" என்று ஒரு குரல். மயில்சாமி! "தப்பு என்னுதுங்க. நேத்துக் கழுவறப்ப சைலன்சருக்குள்ள துணிய அடச்சு வெச்சேன். எடுக்க மறந்துட்டனுங்க." அதோடு நிற்கவில்லை. செல்ஃப், பெட்ரோல், பொறி, நனைந்த பிளக், ஃபில்டர் பஞ்சு, டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்துக்கொண்டே நின்றது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். நான்கு வீடுகளில் "ஃபிட்டருங்க" என்று ஒரு வார்த்தை பேசியவர். சரஸ்வதி அவர் கையைக் கிள்ளினார். பயனில்லை.

அவர் முடித்ததும் சாந்தாமணி கேட்டாள். "பிளக் நனஞ்சிருந்தாப் பெட்ரோலு வருது. பொறியும் வருது. அப்ப காத்துத்தானுங்க கோளாறு. ஃபில்டரும் இல்லைன்னா மிச்சம் சைலன்சர்தானே? அப்பறம் ஏனுங்க அத்தன நேரம் டிஸ்ட்ரிபியூட்டரத் தொடச்சீங்க?"

மயில்சாமி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "பயத்துலீங்க. உங்களப் பாக்க முடியாமப் போயிருமோன்னுங்க."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பதிலுக்கு நானாக இருந்தால் அங்கேயே சரி என்றிருப்பேன். ஆனால் அம்மாக்காரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிளம்பும்போது அவர் கும்பிட்டுச் சொன்னார். "நாங்க ஊட்டுல கலந்து சொல்றமுங்க."

சரஸ்வதியின் கை என் கையைப் பிடித்தது. போய் வண்டியில் ஏறினோம். மயில்சாமி சாவியைத் திருப்பினார்.

டிக்.

இன்னொரு தடவை. டிக். அதற்கு மேல் சத்தமே இல்லை.

"டிக்குன்னா பேட்டரிதானுங்க" என்று வீட்டுக்குள்ளிருந்து சாந்தாமணியின் குரல் வந்தது. காலை முழுக்க முப்பது தடவை செல்ஃப் அடித்து வற்றிப்போன கிழட்டு பேட்டரி, அந்தக் கொஞ்ச தூரத்தில் தேறவில்லை. இந்த முறை பேட்டரி என்று சொல்ல நான் வாய் திறக்கவே இல்லை. போன இடத்திலும் வண்டி நின்றால் இதற்கு மேல் என்ன சகுனம் வேண்டும்? சரஸ்வதிக்குக் கண்ணீர் இறங்கிவிட்டது.

சாந்தாமணி வாசலுக்கு வந்தாள். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். "அப்பா, அந்தப் பக்கம் புடிங்க. ஏனுங்க, செகண்டுல போட்டுக் கிளச்ச மிதிச்சுக்குங்க. நான் சொல்றப்ப விடுங்க."

"அடியே, மாப்ள ஊட்டு வண்டிய நீ தள்ளறதா!" என்றார் அம்மா.

"பின்ன ராத்திரிக்கும் இங்கயே குந்திருக்கட்டுங்களா? நீங்களும் வாங்கம்மா."

தள்ளினோம். பெண், பெண்ணின் அப்பா, அம்மா, பழனிசாமி, நான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சரஸ்வதி. "விடுங்க!" என்றாள். வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பிவிட்டது. அம்மாக்காரிக்கு மூச்சு வாங்கியது. அதோடு சிரிப்பும் வந்துவிட்டது, அடக்க முடியாமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கலந்து பேசுவதெல்லாம் அம்மாவும் மகளும் அந்தச் சிரிப்பிலேயே முடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

இஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் மறுபடி தள்ள வேண்டும். மயில்சாமி மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தார், நாங்கள் ஓடிப்போய் ஏறினோம். நின்று விடைபெற நேரமில்லை. வண்டி ரோட்டில் திரும்பும்போது சாந்தாமணி வேலியோரம் வந்து சத்தம் போட்டாள்.

"காங்கயத்துக்காரங்கள வர வேண்டாம்னு சொல்லிர்றமுங்க! வெள்ளிக்கிழமை நீங்களே வாங்க! பேட்டரிய மாத்திட்டு வாங்க!"

அவிநாசிபாளையத்தில் பேட்டரிக் கடை இருந்தது. கடைக்காரர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார், வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். நாங்கள் நான்கு பேரும் ஓடுகிற இஞ்சினோடு மூடிய கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.